தண்ணீர் குடிக்கும் டீசல் ஜீப்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் பல, ஓட்டுநரின் மகனைவிட வயதில் மூத்தவை. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கவலைகள் இரண்டு. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் காணாமல் போகிறது. சைலன்சரில் புகை வருகிறது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பட்டறையில் சொன்னால், பதிலும் பெரும்பாலும் ஒரே மூச்சில் வந்துவிடும்: "ஹெட் கேஸ்கட் போயிருச்சு, இறக்கிப் பார்த்துரலாம்."

ஹெட் என்பது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் எஞ்சினின் தலைப்பகுதி; அதற்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் வாயுவும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அந்தப் பதில் சில நேரங்களில் சரி. ஆனால் தண்ணீர் குறைவதும் புகை வருவதும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் ஜீப்பில் ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி முகம் சீவி, புதிய கேஸ்கட் போட்டுப் பூட்டிய பிறகும் பத்து நாளில் தண்ணீர் பழைய அளவுக்கே குறைந்தது; காலைப் புகையும் அப்படியே இருந்தது. கடைசியில் தண்ணீரைத் தின்றது ரேடியேட்டர் மூடியின் தேய்ந்த ரப்பர். புகையைக் கிளப்பியது, குளிர்ந்த எஞ்சினில் டீசல் எரியச் சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக்குகளில் செத்துப்போன இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஆகியிருக்க வேண்டிய செலவு, ஹெட் வேலைக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குதான். கீழே எழுதியிருக்கும் வரிசை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. பணம் குறைவாகச் செலவாகும் சோதனைகள் முதலிலும், ஸ்பானரை எடுக்க வேண்டியவை பிறகும், ஹெட்டைத் தொடுவது கடைசியிலும் வரும்.

அளவுக் குவளையிலிருந்து தொடங்குங்கள்

எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் எதையும் தேட முடியாது. "அடிக்கடி ஊத்துறேன்" என்பது அளவு ஆகாது. அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் குவளை ஒன்றையும் ஒரு சிறு நோட்டையும் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், சமதளமான ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மட்டுமே மட்டத்தைப் பாருங்கள். ஊற்றிய மில்லி லிட்டர், ஓடிய கிலோமீட்டர், அன்று மலை ஏறியதா இல்லையா என்ற மூன்றையும் ஒரு வாரம் குறித்தால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். மலை ஏறிய நாளில் மட்டும் குறைந்தால் அது சூடும் அழுத்தமும் சார்ந்த கசிவு. வண்டி நின்ற நாளிலும் குறைந்தால் அது ஆறிய நிலையிலேயே சொட்டும் வெளிக் கசிவு.

இங்கே ஒரு பொய்க் குறைவையும் ஒதுக்க வேண்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் தனி ரிசர்வ் டப்பா கிடையாது. ரேடியேட்டரின் கழுத்திலிருந்து ஒரு சிறு குழாய் தரையைப் பார்த்து நிற்கும். எட்டு லிட்டர் தண்ணீர் ஆறிய நிலையிலிருந்து 90 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும்போது கால் லிட்டருக்கும் மேல் விரிந்துகொள்ளும். கழுத்து வரை தளும்ப ஊற்றி வைத்தால் அந்தக் கால் லிட்டர் குழாய் வழியாகச் சாலையில் கொட்டும். மறுநாள் காலை மட்டம் இறங்கியிருக்கும். மறுபடியும் தளும்ப ஊற்றுவோம். வண்டி தண்ணீர் குடிப்பதாக நினைத்து வருடக்கணக்கில் இப்படி ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ரிசர்வ் டப்பா இல்லாத ரேடியேட்டரில் மட்டம் கழுத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, ஆனால் உள்ளிருக்கும் குழாய்களின் தலை மூழ்கியபடி, நாலைந்து நாள் ஒரே இடத்தில் நின்றால் அதுவே அதன் சரியான மட்டம். அதற்கு மேல் ஊற்றாதீர்கள்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வருடா வருடம் யாரோ ஒருவரின் கையும் முகமும் வெந்துபோகின்றன. மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அழுத்திப் பார்த்து, அது தொளதொளவென்று இருந்தால்தான் மூடிக்குக் கை போக வேண்டும்.

மூடி: சிறிய பொருள், பெரிய குற்றவாளி

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் ரேடியேட்டர் மூடியைப் பற்றிச் சமவெளிக்காரர்களைவிட அதிகமாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 1400 மீட்டர் உயரத்தில் இருக்கும் போடிமெட்டில் 95 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே கொதிக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வான தெர்மோஸ்டாட், பொதுவாக 82 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியை ஒட்டி முழுமையாகத் திறக்கும். அதாவது எஞ்சின் நல்ல ஆரோக்கியத்தோடு உழைக்கும் வெப்பமும், திறந்த பானையில் தண்ணீர் கொதிக்கும் வெப்பமும் மேலே ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இடைவெளியை உண்டாக்குவது மூடியின் சுருள் வில் தாங்கிப் பிடிக்கும் அழுத்தம் ஒன்றுதான். 0.9 பார் தாங்கும் மூடி சரியாக இருந்தால், அதே உயரத்தில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்துவிட்டால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். அதனால்தான் தேனிக்கும் கம்பத்துக்கும் ஓடும்போது ஒரு சொட்டும் குறையாத வண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போய் நின்றதும் குபுகுபுவென்று கொட்டுகிறது. கேஸ்கட்டை நாம் குறை சொல்கிறோம், குற்றம் மூடியினுடையது.

மூடியைக் கழற்றி, அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தில் பள்ளமோ வெடிப்போ இருக்கிறதா, ரேடியேட்டர் கழுத்தில் அது உட்காரும் விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் நடுவில் எதிர்ப்பக்கமாகத் திறக்கும் ஒரு சிறு வால்வும் உண்டு. எஞ்சின் ஆறும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. அது ஒட்டிக்கொண்டால், ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸ் உறிஞ்சிய மாம்பழத் தோல்போலச் சப்பிக் கிடக்கும். டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் காலியாகும். புதிய மூடி வாங்கும்போது பழைய மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். "எதுவானாலும் பொருந்தும்" என்ற பேச்சு கழுத்தின் அளவுக்குத்தான் பொருந்தும், அழுத்தத்துக்குப் பொருந்தாது. அதிக அழுத்த மூடியைப் போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்று விட்டுவிடும்.

வெளிக் கசிவைத் தேடுவது

வெளியே போகும் தண்ணீர் எங்காவது தடம் விட்டே தீரும். வெறும் தண்ணீர் சூடான இரும்பில் பட்டு உடனே ஆவியாகிவிடுவதால் சொட்டு தெரியாமல் போகலாம். ஆனால் அது விட்டுச்செல்லும் உப்பு வெள்ளையாகவும், துரு செம்மண் நிறத்திலும், கூலன்ட் (தண்ணீரோடு கலக்கும் துருத்தடுப்புத் திரவம்) பச்சையாகவோ சிவப்பாகவோ காய்ந்து படிந்திருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிப் பழகிய வண்டிகளில் இந்த வெள்ளைத் தடம் கண்ணுக்கு எளிதாகவே படும். அந்தப் பழக்கத்தில் கிடைக்கும் ஒரே நன்மை இதுதான். மற்றபடி அதே உப்பு ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் கட்டியாகப் படிந்துகொண்டிருக்கிறது.

டார்ச் வெளிச்சத்தில், ஆறிய எஞ்சினில், ஹோஸ்களின் கிளிப்பு இருக்கும் இடங்கள், தெர்மோஸ்டாட் மூடியின் அடிப்பகுதி, ரேடியேட்டரின் மேல் தொட்டியும் அடித்தொட்டியும் பற்றவைத்த விளிம்புகள், வடிகால் திருகு, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் அடித்து இறக்கியிருக்கும் வட்டத் தகடு மூடிகள் ஆகியவற்றைப் பாருங்கள். அடித்தொட்டிப் பக்கத்து ஹோஸைக் கையால் பிசைந்து பாருங்கள். உள்ளே நொறுநொறுவென்று இருந்தால் அது வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதே.

வாட்டர் பம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உடலின் அடிப்பக்கத்தில், பேரிங்குக்கும் சீலுக்கும் நடுவில், ஒரு சிறு துளை வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியேறட்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது அந்தத் துளை காய்ந்தே இருக்கலாம். வேகத்தில் ஓடும்போது மட்டும் சிந்தி, ஃபேன் காற்றில் எஞ்சின் முழுக்கத் தூவிவிடும். எனவே துளைக்குக் கீழே கண்ணீர்த் தாரைபோல ஒரு கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனின் இதழைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். எரிச்சலில் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் நின்றது, இரண்டு வாரத்தில் பேரிங் கழன்று ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்தது.

கண்ணால் எதுவும் அகப்படாவிட்டால், அழுத்தச் சோதனைக் கைப்பம்பு வைத்திருக்கும் பட்டறைக்குப் போவது நல்லது. மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடித்துவிட்டு, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், கசிவு உள்ளே என்று சந்தேகப்பட அப்போதுதான் முதல் நியாயமான காரணம் கிடைக்கிறது.

உள்ளே போகிறதா என்று அறிவது

உள்ளே போகும் தண்ணீருக்கு வழிகள் இரண்டே: ஆயிலுக்குள் போகலாம், அல்லது சிலிண்டருக்குள் போய் சைலன்சர் வழியாக வெளியேறலாம்.

ஆயிலை முதலில் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் மோர் கலந்ததுபோல வெளுத்திருந்தாலோ, ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தாலோ எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது; அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய்போல ஒட்டியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் மேலே மூடுபனியில், எஞ்சின் முழுச் சூடு ஏறாத குறுகிய தூரங்களே ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரம் குளிர்ந்து அப்படிப் படிவது வழக்கம். சந்தேகம் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல், ஆயில் வடிக்கும் திருகை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும். இருந்தால் அதுதான் முதலில் வரும். சுத்தமான கறுப்பு ஆயில் வந்தால் உடனே இறுக்கிவிடலாம்.

ரேடியேட்டருக்குள் ஆயில் மிதப்பது வேறு கதை. தண்ணீரால் குளிர்விக்கப்படும் ஆயில் கூலர் உள்ள எஞ்சின்களில், அந்தக் கூலர் உடைந்தாலும் இதே அடையாளம் வரும். கூலரைச் சோதிக்காமல் ஹெட்டை இறக்கக் கூடாது.

அடுத்தது, எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறதா என்ற சோதனை. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், அதாவது தண்ணீர் கைச்சூடுகூட ஆவதற்கு முன், மேல் ஹோஸ் கல்போல இறுகினால் அது வெப்பத்தால் வந்த அழுத்தம் அல்ல, சிலிண்டரிலிருந்து தள்ளப்படும் வாயு. இதை உறுதிசெய்ய மெக்கானிக்குகளிடம் ஒரு பழைய வழி உண்டு. தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, ஃபேன் பெல்ட்டையும் கழற்றி வாட்டர் பம்பை நிறுத்திவிட்டு, ஆறிய ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பி, எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிச் சற்றே ஆக்ஸிலேட்டர் கொடுப்பது. பம்ப் சுற்றாததால் நீரோட்டம் இழுக்கும் காற்று இல்லை. அப்போதும் குமிழிகள் விடாமல் வந்தால் அவை எரிந்த வாயுவின் குமிழிகளே. புதிதாகத் தண்ணீர் மாற்றிய வண்டியில் தங்கிய காற்றும் சிறிது நேரம் குமிழியாக வரும் என்பதால், இந்தச் சோதனையை நாலைந்து நாள் ஓடிய பிறகு செய்யுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் பம்ப் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

நீல நிறத் திரவத்தின் வழியாக ரேடியேட்டர் கழுத்துக் காற்றை உறிஞ்சி, நிறம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுகிறதா என்று பார்க்கும் கருவியும் உண்டு. அது கரியமில வாயுவைக் கண்டுபிடிப்பது. இதில் டீசலுக்கென்று ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெறும் ஐட்லிங்கில் டீசல் எஞ்சின் தேவைக்குப் பல மடங்கு அதிகக் காற்றை இழுப்பதால், வெளிவரும் வாயுவில் கரியமில வாயு மிகக் குறைவு. ஐட்லிங்கில் நிறம் மாறவில்லை என்று நிம்மதி அடையாமல், வண்டியை ஓர் ஏற்றம் ஏற்றி இறக்கி, போதுமான அளவு ஆறவிட்டு, வேகத்தை உயர்த்தி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் சேரும் வண்டிக்கு ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். 2112 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு 528 சி.சி.; அழுத்த விகிதம் 22:1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மேலே மிஞ்சும் இடம் வெறும் 25 மில்லி லிட்டர், இரண்டு மூன்று இருமல் மருந்து மூடி அளவு. அதைவிடச் சற்று அதிகத் தண்ணீர் சேர்ந்தாலே பிஸ்டன் அசையாது, ஏனென்றால் தண்ணீர் அமுங்காது. காலையில் ஸ்டார்ட்டர் டக்கென்று ஒரு சத்தத்தோடு நின்றால், பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து நாலு பேரைக் கூட்டித் தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சரிவில் உருட்டிக் கியர் போடவும் செய்யாதீர்கள். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களையோ ஹீட்டர் பிளக்குகளையோ கழற்றிவிட்டுக் கையால் எஞ்சினைச் சுற்றினால், தண்ணீர் எந்தத் துளையில் பீறிடுகிறதோ அந்தச் சிலிண்டரே கசிவு இடம். செலவில்லாமல் உறுதியான தீர்ப்பும் கிடைத்துவிடும்.

புகையின் நிறம்

இப்போது புகைக்கு வருவோம். புகையைப் பற்றி நாம் பேசுவதில் பெரும்பகுதி நிறத்தோடு முடிந்துவிடுகிறது. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன வாசனை என்ற மூன்றும் நிறத்தைவிடப் பெரிய சாட்சிகள்.

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சைலன்சர் வழியாக வெளியேறும், அது இயற்கை. மேலே குளிரில் நம் மூச்சே புகையாகத் தெரியும்போது, வண்டியின் மூச்சும் அப்படித் தெரிவதில் அதிசயம் இல்லை. இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு வருகிறது. போடிமெட்டு ஏறுவதற்குள் சில லிட்டர் டீசலை எரிக்கும் வண்டி, சில லிட்டர் நீராவியை ஏற்கெனவே வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. கேஸ்கட் வழியாக நூறு மில்லி லிட்டர் அதனோடு கலந்து போனால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆகவே ஓடும் வண்டியில் வெள்ளைப் புகை இல்லை என்பதால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை இருக்கிறது என்பதால் அது போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. குறைவை அளக்கும் கருவி குவளைதான், சைலன்சர் அல்ல.

வெள்ளையில் இரண்டு வகை உண்டு. நீராவி லேசானது, சைலன்சர் வாயிலிருந்து சற்றுத் தள்ளி, காற்றில் கரைந்து காணாமல் போகும், கண்ணை எரிக்காது, கூலன்ட் கலந்திருந்தால் இலேசான தித்திப்பு வாடை வரும். எரியாத டீசலின் புகை கனமானது; தரையோடு தவழ்ந்து தெருவில் நிற்கும்; கண் கரிக்கும்; பச்சை டீசல் நாறும். சைலன்சர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைச் சில நொடிகள் பிடித்து, ஆறவிட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். தண்ணீர் மட்டும் என்றால் விரல் வெறுமனே நனையும். டீசல் என்றால் பிசுபிசுப்பும் வாடையும் விரலில் ஒட்டும்.

எரியாத டீசலாக இருந்தால் ரேடியேட்டரை மறந்துவிட்டு வேறு திசையில் தேட வேண்டும். மஹிந்திரா எம்.எம். 540 போன்ற பழைய ஜீப்புகளில் வந்த 2112 சி.சி. பியூஜோ எஞ்சின், சிலிண்டருக்குள் நேரடியாக அல்லாமல் அதை ஒட்டிய சிறு முன்னறையில் டீசலைத் தெளிக்கும் வகையைச் சேர்ந்தது. குளிரில் அதற்கு ஹீட்டர் பிளக் அவசியம். ஒரு பிளக் செத்தாலும் அந்தச் சிலிண்டர் முதல் சில நிமிடங்கள் டீசலை எரிக்காமல் துப்பும். கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் நேர் முனையிலிருந்து ஒரு சோதனை பல்பு வழியாகப் பிளக்கின் தலையைத் தொட்டால், நல்ல பிளக்கில் பல்பு எரியும், இழை அறுந்த பிளக்கில் எரியாது. பிளக்குகள் நான்கும் நன்றாக இருந்து, எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், டீசல் பம்பின் டைமிங் (டீசலைத் தெளிக்கும் நேரம்) பின்தங்கியிருப்பது, இன்ஜெக்டர் தெளிக்காமல் ஒழுகுவது, கம்ப்ரஷன் குறைந்திருப்பது ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். பழைய மெக்கானிக்கல் பம்பு உள்ள வண்டிகளில், ஐட்லிங்கில் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் துணி போர்த்தித் தளர்த்தினால், எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது புகை குறைகிறதோ அதுவே குற்றவாளி. இன்ஜெக்டர் நுனியிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். கையை நேராகக் காட்டக் கூடாது. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் வகைப் புதிய வண்டிகளில் இந்த வேலையை முயற்சி செய்யவே கூடாது.

நீலப் புகை ஆயில் எரிவது. அது எப்போது வருகிறது என்பதற்கு நம் மலைச்சாலையைவிட நல்ல சோதனைக்கூடம் இல்லை. போடிமெட்டிலிருந்து இரண்டாவது கியரில், ஆக்ஸிலேட்டரில் காலே வைக்காமல் இறங்கி, முந்தல் சமதளத்தில் முதல் முறையாக அழுத்தும்போது மட்டும் ஒரு நீலக் குப்பல் வந்து அடங்கினால், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள சீலும் கைடும் தேய்ந்திருக்கின்றன. ஏறும்போது முழுக்க நீலமாகத் தள்ளி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு) புசுபுசுவென்று வந்தால், பிஸ்டனைச் சுற்றிய ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் தேய்ந்திருக்கின்றன. இந்த இரண்டையும் முடிவுசெய்வதற்கு முன் ஆயில் பாத் ஏர் கிளீனரை (உள்ளே போகும் காற்றை ஆயில் கிண்ணத்தின் மேல் செலுத்தித் தூசியைப் பிடிப்பது) திறந்து பாருங்கள். அதன் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஆயிலை நிரப்பி வைத்திருந்தால், எஞ்சின் அதை உறிஞ்சி எரித்து, ரிங் போன வண்டிபோலவே நடிக்கும்.

கரும்புகை என்பது டீசல் அதிகம், காற்று குறைவு. போடிமெட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 13 சதவீதம் குறைவு. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதை ஈடுகட்ட வழியில்லை. எனவே மேலே கொஞ்சம் கறுத்தால் அது நோயல்ல. கீழேயும் கறுத்தால் ஏர் கிளீனரையும், பிறகு இன்ஜெக்டர்களையும் பாருங்கள். இழுவை போதவில்லை என்று டீசல் பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டிவைக்கும் பழக்கம் இங்கே உண்டு. கூட்டிய டீசலுக்குத் தேவையான காற்று இல்லாததால் இழுவை கொஞ்சமே கூடும். வெப்பம் நிறையக் கூடும். அந்த வெப்பம் ரேடியேட்டரால் தாங்க முடியாத அளவுக்குப் போனதும் தண்ணீர் கொதித்துக் கொட்டும். கரும்புகையும் தண்ணீர்க் குறைவும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, பம்பில் யார் கை வைத்தது என்பதுதான். இரண்டாவது கேள்வி, எத்தனை பேரை ஏற்றினீர்கள் என்பது.

ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது என்றால்

கசிவே இல்லாமல் ஏற்றத்தில் மட்டும் சூடேறும் வண்டியில், ரேடியேட்டரின் இதழ்களில் அடைந்திருக்கும் பூச்சியையும் புல்விதையையும் எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். முன் கிரில்லை மறைத்து வைத்திருக்கும் விளக்குகளையும் பெயர்ப்பலகையையும் எடுத்துவிடுங்கள். ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். ஓடி வந்த வண்டியை நிறுத்தி, ஃபேன் நின்ற பிறகு, ரேடியேட்டரின் முகத்தில் கையை மெல்ல நகர்த்தினால், சூடில்லாத திட்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே உள்ளே அடைத்திருக்கிறது.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிவதை நான் ஏற்பதில்லை. அது இல்லாத எஞ்சின் காலையில் சூடேற வெகுநேரம் எடுத்துக்கொண்டு வெள்ளைப் புகை தள்ளும், ரிங்கையும் தேய்க்கும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் சூடானதும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்கி, அதன் மேல் பொறித்திருக்கும் வெப்பத்தில் திறக்கிறதா என்று வீட்டு அடுப்பிலேயே பார்த்துவிடலாம்.

வழியில் கொதித்துவிட்டால், தண்ணீர் இன்னும் இருக்கும்வரை ஓரமாக நிறுத்தி, சற்றே வேகமான ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். தண்ணீர் போய்விட்டால் உடனே நிறுத்துங்கள். சூட்டு முள் திடீரென்று கீழே இறங்குவதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் இறங்கி, சென்சார் வெறும் ஆவியில் நின்றாலும் முள் அப்படித்தான் இறங்கும். ஓடைத் தண்ணீரைக் குடத்தோடு கொண்டுவந்து கொதிக்கும் எஞ்சினில் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழும். முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, பிறகு மெல்ல ஊற்றுங்கள். ரேடியேட்டரில் பொட்டுக் கசிவு என்றால் மஞ்சள் தூளைப் போட்டு வீடு வந்து சேரும் பழைய லாரிக்காரர் வைத்தியம் ஓரளவு வேலை செய்யும். ஆனால் வீடு வந்ததும் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும். கசிவை அடைத்த தூள் நல்ல குழாய்களையும் அடைக்கும்.

ஹெட்டை இறக்கத்தான் வேண்டும் என்றால்

குமிழியோ, சிலிண்டரில் தண்ணீரோ, மோர் நிற ஆயிலோ உறுதியான பிறகு ஹெட்டை இறக்குவதில் தயங்க வேண்டாம். இறக்கியதும் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறியாமல், எந்தச் சிலிண்டர் பக்கம் கருகித் தடம் விழுந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள். நேரான எஃகு அளவுகோலை ஹெட்டின் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜால் வளைவை அளந்து, எஞ்சின் கையேட்டில் இருக்கும் எல்லையோடு ஒப்பிட வேண்டும். வளைவு இல்லாத ஹெட்டைப் பழக்கத்துக்காகச் சீவக் கூடாது. டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சீவிக்கொள்ள அதிக இடம் கிடையாது. கேஸ்கட்டில் ஓட்டையே தெரியாவிட்டால், வெடிப்பு ஹெட்டிலோ லைனரிலோ இருக்கலாம். நீர்வழிகளை அடைத்து, வெந்நீரில் மூழ்க வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துத் தரும் லேத்துப் பட்டறைக்கு ஹெட்டை அனுப்பச் சொல்லுங்கள். போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் கை நிதானத்தில் இறுக்கும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து, மூடி திறந்த நிலையில் மெல்ல ஊற்றி, காற்று வெளியேறும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை ஐட்லிங்கில் விட்டு, இறங்கும் மட்டத்தை நிரப்புங்கள். மேலே கிடைக்கும் ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தாலும், துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை. முதல் முறை மலை ஏறி இறங்கிய மறுநாள் காலை மட்டத்தை மறுபடி பார்த்து, அதே நோட்டில் குறித்துவையுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். அதன் தித்திப்புக்கு நாயும் ஆடும் வாய் வைக்கும், சிறிதளவே உயிரைக் குடித்துவிடும். மூடியுள்ள கேனில் பிடித்துவைத்து, பழைய ஆயிலை எடுத்துச் செல்பவரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.